இடஞ்சுழி

புவெர்த்தோ மொந்த் துறைமுகத்தில்
கயிறும் தாரும் விற்கிற தெல்மீரா
மூன்று கடிகாரங்களை எடுத்து வைத்தாள்.
நாங்கள் வந்தது அடுப்பு வாங்க.
அதை நான் இரண்டு முறை சொன்னேன்.

முதலாவது தங்க முலாம், அப்பளம் போல மெலிசு.
உப்பு மூன்றே நாளில் குடித்துவிடும் என்று
விற்கிறவளே சொல்லிவிட்டாள்.
இரண்டாவது பேட்டரி. நொடி தப்பாது.
"சாகிற அன்று சொல்லிக்கொள்ளுமா?" என்றான் எவரிஸ்தோ.
யாரும் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது
எவன் கையிலோ இருபது வருடம் உழைத்தது.
எஃகு. விளிம்பெல்லாம் கீறல்.
குமிழைத் திருகி மூடினால்
ஊறுகாய் ஜாடி போல இறுகியது.
அதை எடுத்துக்கொண்டு கடையின் கழிப்பறைக்குள் போய்
விளக்கை அணைத்துத் தாழிட்டுக்கொண்டான்.
வெகுநேரம்.
வெளியே வந்தபோது
முட்களின் பச்சை வெளிச்சம் அவன் முகத்தில்
கொஞ்சம் ஒட்டியிருந்ததுபோல் பட்டது எனக்கு.
அடுப்பு போயிற்று.

சிலொயே தீவுக்குத் திரும்பும் படகில் வளையத்தை விளக்கினான்.
சுழியத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்து இறங்கவேண்டும்.
அது இடஞ்சுழியாக மட்டுமே திரும்பும்.
பாறையில் இடித்து நகர்ந்தாலும்
போன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும்.
"தப்பினால்கூட
மேலே வா என்கிற பக்கமாகத் தப்பும்" என்றான்.
இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை என்றேன்.
அதைப் புகழ்ச்சியென்று எடுத்துக்கொண்டான்.

நான் மேலே இருப்பவள்.
கம்ப்ரஸர், பெல்ட், மஞ்சள் குழாய், மழை.
அவன் கீழே கடல்முள்ளெலி பொறுக்குகிறவன்.
ஒருநாள் கூடை பாதிகூட நிறையாமல் வந்துவிட்டான்,
எட்டு நிமிடம் முன்னால்.
வளையம் எதிலோ உரசி எட்டுக் கோடு தள்ளியிருந்தது.
பெட்ரோலுக்கே கட்டவில்லை.
எட்டு நிமிடத்தையும் பெசோவாக்கி
கரை வரும்வரை திட்டினேன்.

ஆகஸ்டில் நடந்தது வேறு.
வளையம் சரி. முள் சரி.
எதிரே ஒரு பாறை முழுக்க முள்ளெலி.
அவன் மணியைப் பார்த்தான்,
நன்றாகவே பார்த்தான்,
பார்த்துவிட்டுப் பொறுக்கினான்.
நான் குழாயை இரண்டு முறை இழுத்தேன்.
கீழிருந்து ஒரே இழுப்பு: இரு.
கடிகாரம் சொல்லும்.
கையைப் பிடித்து இழுக்காது.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போனவனை
அழுத்த அறைக்குள் படுக்கவைத்தார்கள்.
உள்ளே ஆகாதென்று தாதி கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
இன்னும் சூடாக இருந்தது.

மேசைமேல் வைத்தேன். இரண்டாம் நாள்
நாலு பத்துக்கு நின்றுவிட்டது.
கை ஆடினால்தான் ஓடும் ரகம் அது.
முழங்கைக்குக் கீழே ஏற்றி மாட்டிக்கொண்டேன்.
உருளைக்கிழங்கு துருவினேன், பிழிந்தேன்,
விறகு பிளந்தேன்,
பழைய அடுப்பின் புகைபோக்கியைக் கழியால் குத்தினேன்,
வசவோடு.
அடுப்பைத் தின்ற கடிகாரம்
அடுப்பு வேலையில் ஓடிற்று.

பத்தொன்பதாம் நாள் நடந்தே வந்தான்,
இடது காலைச் சற்று இழுத்து.
முதலில் பார்த்தது என் கையை.
வளையத்துக்கடியில் காய்ந்த கிழங்குமாவு.
பல் பிரஷ்ஷால் இரவெல்லாம் தோண்டினான்.
"உன் கையில் நாளுக்கு நாலு நொடி கூட ஓடியிருக்கு."
"உன்னைவிட வேலை கூட" என்றேன்.

இனி ஐந்து பாகம் ஆழம்தான், டாக்டர் கணக்கு.
படகின் விளிம்பில் உட்கார்ந்து வளையத்தைத் திருப்புகிறான்.
விரல் விறைத்து
ஒரு சொடுக்கு தாண்டிப்போகிறது.
பின்னால் தள்ளினால் வராது.
முழுச்சுற்று சுற்றித்தான் வரவேண்டும்,
இன்னும் நூற்றுப் பத்தொன்பது.
கம்ப்ரஸர் சும்மா பெட்ரோல் குடிக்கிறது.
மழை கழுத்துக்குள் இறங்குகிறது.
அவனோடு நானும் வாய்க்குள் எண்ணுகிறேன்,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
ஆகட்டும், மெதுவாகவே திருப்பட்டும்.