பதினான்கு வினாடி

காற்று முறுக்கினால் கேபிள் காரை நிறுத்துவது என் வேலை.
எல் ஆல்தோவின் விளிம்பில் ஒரு கண்ணாடி அறை,
சிவப்புப் பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளி என் கை.
நிறுத்தியதும்
கம்பியில் தொங்கும் பெட்டிகளுக்குள் யாரும் பேசமாட்டார்கள்.
மடியில் கோழி வைத்திருப்பவள் அதன் அலகையும் பொத்திக்கொள்வாள்.
பிறகு ஒரு குலுக்கல், நகரும்.
அதற்கப்புறம்தான் சிரிப்பு, தும்மல், கைப்பேசி.

லிம்பர் தூங்குவதும் இப்படித்தான்.

மூன்று கம்பளிக்கு அடியில் வாய் பிளந்து,
கழுத்தைப் பின்னால் வளைத்து, ரம்பம் இழுப்பான்.
"ஆண்பிள்ளை, அப்பனுடைய குறட்டை" என்றான் கொழுந்தன்.
அப்பன் சிலியில் இருக்கிறான்,
அவன் குறட்டையைக் கேட்டே நாளாயிற்று.
எனக்குக் குறட்டை பயமில்லை.
அது நிற்கும்போதுதான்.

மார்பு மட்டும் எக்கி எக்கித் தணியும்,
பூட்டிய கதவைத் தோளால் இடிப்பவன்போல.
உள்ளே ஒன்றும் போகாது.
எண்ணுவேன். ஐமாராவில் தொடங்கிப்
பத்துக்கு மேல் ஸ்பானியத்துக்கு மாறிவிடுவேன்,
ஏனென்று தெரியாது.
பதினொன்று.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
எல்லோருக்கும் காற்று அளந்துதான்.
அந்த அளவையும் வாங்காமல் வாசலில் நிற்கிறான் என் பிள்ளை.
பன்னிரண்டு.
அப்புறம் ஒரு செருமல், உடம்பே தூக்கிப்போடும்.
ஜூலைக் குளிரில் தலையணை வியர்த்து நனைந்திருக்கும்.

"வகுப்பில் தூங்குகிறான், சீக்கிரம் படுக்கவையுங்கள்"
என்று குறிப்பேட்டில் ஆசிரியை.
"எட்டு மணிக்கே படுத்துவிடுகிறான்"
என்று அதன் கீழே நான்.
இரண்டுமே உண்மை.

ஏழு வயதில் மறுபடி படுக்கையை நனைத்தான்.
விரிப்பைத் தானே சுருட்டி அடுப்புக்குப் பின்னால் ஒளித்தான்.
அங்கே எதற்கோ போனவள்போல எடுத்துவந்து துவைத்தேன்.
மூச்சுக்கு முந்நூறு தரம் அம்மா என்றவன்
மூச்சுக்கே வாய் போதாமல்
இப்போதெல்லாம் தலையைத்தான் ஆட்டுகிறான்.

நேற்று லா பாஸுக்கு இறங்கினோம்.
டாக்டர் உர்கீதி நாக்கை அழுத்தி விளக்கடித்தார்.
"வியாழக்கிழமைச் சந்தை மாதிரி
வழியை மறித்துக் கடை போட்டிருக்கிறது டான்சில்" என்றார்.
இரவில் எப்படி என்று கேட்டார்.
சொல்ல வரவில்லை. கைப்பேசியை மேசைமேல் வைத்தேன்,
இரண்டே முக்காலுக்குப் பதிவு செய்தது.

ரம்பம். ரம்பம்.
பிறகு எதுவுமில்லை.

பேனா பாதிச் சொல்லில் நின்றது.
ஊசிமருந்தை எண்ணிக்கொண்டிருந்த நர்ஸ் எண்ணிக்கையை விட்டாள்.
முடிவு தெரிந்த நானும்
கம்பியில் தொங்கினேன்.
தெருவில் ஒரு மினிபஸ் ஊர்ப்பெயர்களைக் கூவிப் போனது.

பதினான்காவது வினாடியில் பீறிட்டு வந்தது.
அறை மொத்தமும் மூச்சு விட்டது.

லிம்பர், கோப்பையின் அடியில் ஒட்டிய ஜெலட்டினைக்
கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தவன்,
நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்.
"யாரும்மா அது?" என்றான்.
"பாவம்."