நூற்றிப் பதினேழாம் காற்றாடிக்குக் கீழே

முப்பந்தல் தாண்டி, வலதுகைப் பக்கம்,
நாலு ஏக்கர்.
மேய்ச்சல் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கிறது.
பதிவேட்டில் மட்டும்.
நிலத்தில் இருந்தவை
எருக்கு, நெருஞ்சி, உடைமுள்,
காற்றாடியைத் தூக்கி நிறுத்த வந்த இயந்திரம்
மிதித்து இறுக்கிய மண்.
கடப்பாரை போட்டால் மண் விலகவில்லை,
தோள்தான் விலகியது.

விதை சாக்கில் வந்தது.
கொழுக்கட்டைப்புல் விதை, விதை மாதிரியே இல்லை;
பூனைக்குட்டி மேலிருந்து உதிர்ந்தது போல.
ஒரு பிடி அள்ளி
விரல் திறந்தேன். கை காலி.
ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று
கையெழுத்துப் போடாமல் வாங்கிக்கொண்டது.
"காவல்கிணத்துல போய் முளைக்கும்,
சம்பளத்தையும் அங்கே போய் வாங்குவோம்"
என்றாள் செல்வதாய்.

அப்புறம்
செம்மண்ணும் சாணமும் விதையும் பிசைந்து
சுண்டைக்காய் அளவில் உருட்டினோம்.
பன்னிரண்டு பெண்கள், ஒன்பது நாள்.
நூறுநாள் வேலைப் பட்டியலில்
உருண்டை உருட்டுதல் என்று ஒரு வேலை கிடையாது.
மண்வேலை என்று எழுதினேன்.
பொய்யில்லை.

முயல்மசாலுக்கு வேறு நியாயம்.
அதன் தோல் கல்.
அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் நாலு நிமிஷம்;
கூடினால் வெந்துபோகும்,
குறைந்தால் விழிக்காது.
கைபேசியில் மணி வைத்துக் காத்து நின்றேன்,
முட்டை அவிக்கிறவள் மாதிரி.

ஐப்பசியில் நாலு நாள் பெய்தது.
பத்தாம் நாள் குனிந்து பார்த்தால்
பச்சை என்று சொல்ல முடியாத ஒரு பச்சை.
காற்றாடி இறக்கையின் நிழல்
நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை
அதன்மேல் நடந்துபோனது.
ஒன்றும் மடியவில்லை.

இரண்டு வருஷம் ஆடு விடக் கூடாது,
இதுதான் உத்தரவு.
ரோசலம்மாளுக்கு இருபத்துமூன்று ஆடு.
"ரெண்டு வருசம் எதத் திங்கும்?
ஒன் பதிவேட்டையா?"
என்னிடம் பதில் இல்லை.
வேலியைக் காட்டினேன்.
அவள் வேலியைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.

மாசியில் ஒரு காலை
வேலி ஓரிடத்தில் படுத்திருந்தது.
முயல்மசால் காயோடு போயிருந்தது.
கொழுக்கட்டைப்புல் தரையோடு தரை.
புகார் எழுதினேன். தேதி போட்டேன்.
பெயர் எழுதவேண்டிய இடத்தில்
பேனா நின்றது.
மடித்துக் கடைசிப் பக்கத்தில் செருகினேன்,
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

புல்லுக்குப் பாதி உடம்பு மண்ணுக்குள்.
பங்குனி வெயிலில்
பாறையே தோலுரிந்த பிறகும்
கட்டைத் தூரைத் தொட்டால் உயிர் இருந்தது.
முயல்மசால் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கோடைமழைக்குப் பிறகு
ரோசலம்மாள் ஆளனுப்பிக் கூப்பிட்டாள்.
சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.
ஆட்டுப்பட்டிக்குப் பின்னால், புழுக்கைக் குவியலில்,
மூன்று மூன்று இலையாக
நூறா, இருநூறா, எண்ணவில்லை.
"இது நீங்க நட்டதுதானே?"
நான் மணி பார்த்து வெந்நீரில் செய்ததை
ஆட்டின் வயிறு
மணி பார்க்காமல் செய்திருக்கிறது.
"அப்போ ஒத்துக்கிடுதீங்களா?" என்றேன்.
"எதை?" என்றாள்.

பெட்டி பெட்டியாகப் புழுக்கை சுமந்து
அவளே வந்து கொட்டினாள்.
வருகைப் பட்டியலில் பதின்மூன்றாம் பெயர் எழுதினேன்.
"இருபத்துமூணு பேரை விட்டுட்டியே"
என்று சொல்லிவிட்டுத்தான் கைநாட்டு வைத்தாள்.

இப்போது மாதத்துக்கு ஆறு நாள்
அறுத்து அவள் பட்டிக்குக் கொடுக்கிறோம்.
போதாது என்கிறாள். போதாதுதான்.
பாறைக்குக் கிழக்கே அரை ஏக்கரில்
என்ன செய்தும் ஒன்றும் வரவில்லை.
அதையும் எழுதியிருக்கிறேன்.

நேற்று வள்ளியூர் போகும்போது
காவல்கிணற்றுக்கு முன்னால்,
நாலுவழிச் சாலையின் நடுத்திட்டில்,
அரளிக்கு அடியில்
பூனைவால் மாதிரி ஒரு கதிர்.
கொழுக்கட்டைப்புல்லாக இருக்கலாம்.
பஸ் நிற்கவில்லை.