ஏழாவது பொருள்

முஹரக்கில் எங்கள் காப்பகத்துக்குள்
பதினெட்டு டிகிரி. காகிதங்களுக்கு அங்கே வயதாவதில்லை.
வெளியே நாற்பத்தாறு,
உப்புக்காற்று கார் கதவுகளைத் தின்னும் தெரு.

ஐந்து மணிக்கு மேல் ஸ்கேனரை
சொந்த வேலைக்குத் தந்தாள் மேலாளர் பத்ரியா.
"உன் அப்பா, எந்தப் போர்?"
"பக்கத்துத் தீவில்" என்றேன்.
இவள் ஊரும் தீவுதான். மேலே கேட்கவில்லை.

அவில்தார் சிகாமணி,
சாலைக்கடியில் வெடி தேடும் படைப்பிரிவு,
பங்குனியில் இறந்தார்.
டிரங்குப் பெட்டியில் இருந்ததை அம்மா
பக்கத்துத் தெரு ஷாநவாஸின் லக்கேஜில்
ஊறுகாய்க்கும் லுங்கிக்கும் நடுவே செருகி அனுப்பினாள்.
ரெஜிமென்டின் ஆவணக்கூடம் படிவம் அனுப்பியிருந்தது:
பொருள், அளவு, நிலை, பெற்ற விதம்.

பதக்கத்துக்கு எழுதினேன்: அரசு வழங்கியது.
சம்பளப் புத்தகத்துக்கும் அதையே.
பனையடியில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரிக்கும் படம்
யார் எடுத்ததோ, தெரியாது என்றே போட்டேன்.
மூன்று இன்லண்டு கடிதங்களில்
'நான் நலம்' மட்டும் அழுத்தி எழுதப்பட்டு
பின்பக்கம் புடைத்திருந்தது.

குட்டிக்குரா டப்பாவில்
துணி சுற்றி ஒரு சாவி.
விரல் நீளம். இரும்பு.
முப்பத்தேழு வருஷத்தில் துரு ஒரு பொட்டும் இல்லை.

நம் வீட்டுப் பூட்டு எதற்கும் சேராது என்றாள் அம்மா, போனில்.
"ஒருவாட்டி கேட்டேன். சோத்துல கை கழுவிட்டு
எழுந்து போயிட்டாரு."

பெற்ற விதம்.
கட்டத்துக்குள் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த மேசையில்
முத்துக் குளித்த படகுகளின் கணக்கேட்டுக்குத்
தையல் பிரித்துக்கொண்டிருந்த சுகிர்தமலர் எழுந்து வந்தாள்.
உரும்பிராய்க்காரி.
ஆறு வருஷமாய் ஒரே வேன், ஒரே டிபன் டப்பா.
அப்பா ராணுவம் என்று சொல்லியிருக்கிறேன்.
வருஷம் சொன்னதில்லை.

படத்தைப் பார்த்தாள். பனையைப் பார்த்தாள்.
கையுறை கழற்றாமல் எடுத்து
வெளிச்சத்தில் திருப்பி
"திறப்பு" என்றாள்.

நான் சாவி என்று அடித்திருந்தேன்.
எங்கள் பக்கம்
பால் பிடிக்காத நெல்லுக்கும் சாவி என்றே பேர்.

"எங்கட வீட்டின்ர இல்லை" என்றாள்,
நான் கேட்காததற்கு.
"எங்களுக்குக் கதவே மிஞ்சேல்லை."

விதிப்படி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தாக வேண்டும்.
அசிட்டோனில் பஞ்சை நனைத்தேன்.
"துடைக்காதேங்கோ."
ஆறு வருஷத்தில் முதல் தடவை
எனக்கு மரியாதை வைத்துப் பேசினாள்.

அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தேன்.
நிலை: நன்று.
ஏழாவது வரிசையைச் சேமிக்காமல் மூடினேன்.

வேனுக்கு நிற்கும்போது கேட்டாள்:
"எண்ணெய் ஆர் போட்டது?"
அம்மாவை ஸ்பீக்கரில் போட்டேன்.
"அவருதான். தீபாவளிக்குத் தீபாவளி.
உங்க தலைக்கு வைக்கறதுக்கு முன்னாடி
அதுக்கு ஒரு சொட்டு.
அதென்ன சாமியான்னு சிரிப்பேன்."

சுகிர்தமலர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அவர் அங்கிருந்த அந்த ஒரு தீபாவளி
அவள் ஊரில் எப்படி விடிந்தது என்று
படித்திருக்கிறேன்.
இவளிடம் கேட்டதில்லை.

வேன் வந்தது.
வழக்கம்போல் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.
மடியில் வைக்கும் பையை
இன்றைக்கு
எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.