பொருத்தும் முன் உரிக்கவும்

ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
மேசைக்குக் கீழே தொண்ணூற்றேழு.
இரண்டுக்கும் நடுவில் நான்,
காலில் கம்பளி, முதுகில் வியர்வை,
காதில் இஞ்சியோனிலிருந்து தம்பி துவ்ஷினின் குரல்:
"அக்கா, இடப்பக்கம் வர்றான், இடப்பக்கம்—"

படம் திக்கிற்று.
குதிரையும் பாலமும் எதிரியின் கோடரியும்
துண்டு துண்டாக நகர்ந்தன.
பிறகு இருட்டு.
ஃபேன் மட்டும் மூச்சிரைத்து ஓய்ந்தது.

இலையுதிர் காலத்தில் இந்தப் புது கேம் வந்ததிலிருந்து
ராத்திரிக்கு மூன்று முறை சாகிறேன்,
எதிரி தொடாமலே.

"தூசி தட்டுறதே இல்ல நீ" என்பான்.
"உலான்பாத்தர் முழுக்க நிலக்கரிப் புகை,
எல்லாம் என் மெஷினுக்குள்ளதான் இருக்கும்."
என் மெஷின் என்பான் இன்னும்.
விமானம் ஏறுவதற்கு முந்தின இரவு
இதே தரையில் உட்கார்ந்து அவன் பூட்டியது.

சொன்னால் சிரிப்பீர்கள்.
பகலில் டிராலிபஸ் பணிமனையில்
மோட்டாரின் சூட்டைப் புறங்கையால் தொட்டு
எது கெட்டது என்று சொல்கிறவள் நான்.
வீட்டில் மூன்று மாதம்
கேபினெட்டை ஜன்னலோரம் நகர்த்தி நகர்த்தியே
விளையாடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் திறந்தேன்.
தம்பி சொன்னது பொய்யில்லை.
ஃபேன் இறக்கைகளில் கரி,
தகடுகளுக்கிடையில் கரி,
பெயின்ட் பிரஷால் தள்ளத் தள்ள
ஒரு குளிர்காலமே பழைய செய்தித்தாளில் விழுந்தது.
மறுபடி போட்டேன்.
தொண்ணூற்றி நாலு.
அவ்வளவு கரிக்கு மூன்று டிகிரி!

கணினி அங்காடியின் மூன்றாம் மாடியில்
ஊசியில்லாத சிறு சிரிஞ்சில் சாம்பல் நிறப் பேஸ்ட்.
கடைக்காரப் பெண் நகத்தைக் காட்டினாள்:
"பட்டாணி அளவு. அதற்கு மேல் போனால்
அது பேஸ்ட் இல்லை, போர்வை."

நான்கு திருகுகள்.
ஒன்றைத் தளர்த்தி, எதிர்மூலையைத் தளர்த்தி,
கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் அசைத்து,
பிடுங்காமல்
தூக்கினேன்.

பிராசசர் மேல் காய்ந்த பேஸ்ட், விரிசல் விட்ட சேறாக.
குளிர்விப்பானின் செப்பு அடிப்பக்கம்
பளபளத்தது.
பளபளப்பது செம்பு இல்லை.
செம்பின் மேல் ஒட்டிய
கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள்.
ஓரத்தில் நான்கு மொழிகள், மங்கோலியன் இல்லை.
ரஷ்ய வரியைப் படித்தேன்:
பொருத்தும் முன் உரிக்கவும்.

இரண்டு வருடம்.
ஒரு மயிரிழைத் தடிமன்.
சூடு இந்தப் பக்கம், செம்பு அந்தப் பக்கம்,
ஒன்றையொன்று தொட்டதே இல்லை.

தாளின் மூலையில், உலர்ந்த பேஸ்ட்டில்
அவன் கட்டைவிரல் ரேகை.
அன்றைக்கு ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர்,
மறு கையில் நான் அவித்த இறைச்சிக் கொழுக்கட்டை.
காலை ஐந்து மணிக்கு விமானம்.
நெய் வடியும் விரல்களுக்கு
ஒரு தாளை உரிக்க ஞாபகம் வரவில்லை.

உரித்தேன். சுகமான சத்தம்.
ஸ்பிரிட்டில் துடைத்தேன்.
பட்டாணி வைத்தேன், மூலைக்கு மூலை முறுக்கினேன்.

அன்றிரவு பாலத்தைத் தாண்டினோம்.
அறுபத்தெட்டு. கோட்டைக்குள் அறுபத்தொன்பது.
கோடரிக்காரனை நானே முடித்தேன்.
"என்னக்கா பண்ணின?" என்றான்.
அவன் பின்னால் பேக்டரி சங்கு,
இரவுப் பணிக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது.

"தூசி தட்டினேன்" என்றேன்.

"நான்தான் சொன்னேனே!"

சொன்னாய், சொன்னாய்.
தாளை உறையில் போட்டு
மின்சார ரசீதுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
அடுத்த கோடையில் வருவான்.
என் சூப்பில் உப்பு குறை என்று
முதல் கரண்டியிலேயே ஆரம்பிப்பான்.
அப்போது எடுப்பேன்.

இப்போதைக்கு
சுவரோர ரேடியேட்டர் கொதிக்கிறது.
நகரம் அனுப்பும் சூடு,
மூட ஒரு திருகுகூட இதில் இல்லை.
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தேன்,
புகை வந்தது.