ஒரே சாம்பல்

பன்னிரண்டு ஜோடி, எல்லாம் ஒரே சாம்பல்.
"கலர் வேணாமா சார்" என்றார் கமாலுதீன்,
ஈவ்னிங் பஜார் நடைபாதையில்
தார்ப்பாய்க்கு அடியில் குனிந்தபடி.
வேண்டாம்.
கலர் வாங்கினால், ஒன்று கிழிகிறபோது
இன்னொன்றும் வேலை போய்
வீட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒவ்வொன்றிலும் கைமுட்டியை விட்டு
குதிகாலை வெயிலில் பிடித்தேன்.
தோல் நிறம் தெரிந்தது கீழே போனது.
வாய்ப்பட்டையை இழுத்து விட்டு
சோம்பலாகத் திரும்பியதும் கீழே.
"பொண்ணு பாக்க வந்தீங்களா" என்றார்.
திருப்பூர் மிச்சம். எந்த ஊர்க் குளிருக்கு நெய்ததோ,
எதற்குத் திருப்பி அனுப்பினார்களோ.
மொத்தம் முந்நூறு. பைக்கு ரெண்டு ரூபாய் தனி.

காலை ஐந்தரைக்கு ஐ.சி.எஃப். மைதானத்தில் பூப்பந்து.
ஏழே முக்காலுக்கு ஷெல் ஷாப்பில் இரும்பு மூக்கு ஷூ.
மே மாதம் அதைக் கழற்றினால்
திலகா ஒன்றும் பேசாமல் ஜன்னலைத் திறப்பாள்.

உள்பக்கம் திருப்பித்தான் துவைக்க வேண்டும்.
பிரஷ் கூடாது.
க்ளிப் விரல் பக்கம்;
வாய்ப்பட்டையைக் கவ்வினால் ரப்பர் செத்துவிடும்.
"இதுக்கு ஒரு கோயில் கட்டுங்க" என்பாள்,
என் நீல ஷார்ட்ஸுக்கு
மூன்றாவது நாடா கோத்துக்கொண்டே.

எட்வின்ராஜ் மாற்றலாகி கபூர்தலா போனபோது
ஒரு ஜோடி கொடுத்தேன்.
ஜனவரியில் போன் வந்தது.
"ரெண்டு மேல ரெண்டு போட்டாலும் குளிருதுடா.
ஆனா உன்னுது கிழியல."

ஒன்பது வருஷம்.
இருபத்து நான்கில் இப்போது பதினேழு.
ஒன்று எப்போதும் தனி,
ஆனால் எது என்று யாருக்கும் தெரியாது,
அதற்கே தெரியாது.
நாளொன்றுக்கு ஒன்பது பைசா வருகிறது
என்று கணக்குப் போட்டாள் திலகா,
கிழிந்த ஒன்றால் மிக்ஸியைத் துடைத்தபடி.
அப்படி ஒரு காசே கிடையாதே என்றும் சொன்னாள்.

போன ஞாயிறு மறுபடி போனேன்.
கமாலுதீன் கண்ணாடியை ஏற்றி
என் காலைப் பார்த்தார்.
கேட்காமலே குனிந்து
வாய்ப்பட்டையை ஓர் இழு இழுத்து விட்டார்.
பட்டென்று வந்து ஒட்டியது.

எதிரே கட்டுக்கட்டாகப் புதுசு.
ஐந்து ஜோடி நூறு ரூபாய்,
கணுக்காலில் ஏதோ கம்பெனியின் முத்திரை.
கையை விட்டேன்.
ஐந்து விரலும் தெரிந்தன, மோதிரம் உட்பட.
அவரைப் பார்த்தேன்.
அவர் சென்ட்ரல் பக்கம் திரும்பும் பஸ்ஸைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வருஷம் அதையே ஓட்டுங்க சார்"
என்றார் பிறகு, பஸ்ஸிடம் சொல்வது போல.
வந்த காலுக்கு
ரெண்டு கர்சீப்பை எடுத்து நீட்டினார்.
"இது தாங்கும்."

வெயிலில் பிடித்துப் பார்க்காமல்
வாங்கிக்கொண்டேன்.