கட்டம்

தமயந்திக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தபோது
எனக்கு நாற்பத்தொன்பது வயது.
அதுவரை என் சட்டையின் நிறத்தை
நான் தீர்மானித்ததில்லை.
குளித்துவிட்டு வந்தால் கட்டில்மேல் இருக்கும்,
இஸ்திரி மடிப்புக் கலையாமல், பேண்ட்டோடு ஜோடியாக,
எனக்கு முன்னால் நானே போய்ப் படுத்துக்கொண்ட மாதிரி.

முதல் திங்கட்கிழமை
பீரோவைத் திறந்துவிட்டு நின்றேன்.
அந்துருண்டை நெடி.
முப்பத்தெட்டுச் சட்டை.
எல்லாம் கட்டம்.
பெரிய கட்டம், கட்டத்துக்குள் சின்னக் கட்டம்,
தள்ளி நின்றால் வெற்றாகவும்
கிட்டே வந்தால் கட்டமாகவும் ஒன்று.
இருபத்திரண்டு வருஷமாகக்
கணக்கு நோட்டை உடுத்திக்கொண்டு
முத்தியால்பேட்டைக்கும் ஆபீசுக்கும் போய்வந்திருக்கிறேன்.

அன்றைக்குக் கட்டச் சட்டைக்குக் கீழே
கோடு போட்ட பேண்ட்.
பக்கத்து மேசை அந்துவான் ஒன்றும் சொல்லவில்லை.
டீ குடிக்கும்போது மட்டும் கேட்டான்,
"அண்ணி கிளம்பிட்டாங்களா?"

வழி சொன்னது டெண்டர் செக்ஷன் ஜெயசுதா.
"எல்லா ஹேங்கரையும் கொக்கி வெளியே பார்க்கிற மாதிரி மாட்டுங்க.
உடுத்தித் துவைச்சதை மட்டும் உள்ளே பார்க்கத் திருப்புங்க.
பொங்கலுக்குத் திறந்து எண்ணுங்க.
திரும்பாதது உங்களுது இல்ல."

மிச்சமெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது.
மேலே ஒரு கூத்து நடந்தால்
கீழே அமைதி வேண்டும்.
டியூப்லைட் சொல்லும் நிறத்தை நம்பக்கூடாது,
மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்ப் பார்க்கவேண்டும்
(மூன்று வருஷம் கறுப்பென்று உடுத்தியது
கருநீலம்).
வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு கண்ணாடி பார்ப்பது வீண்;
மதியம் மீன்குழம்புக்குப் பிறகும்
அதே பொத்தான்தான் தாங்கவேண்டும்.
இந்தக் கடல்காற்றுக்கு இரும்பு ஹேங்கர் ஆகாது,
தோளில் துருவாய் ஒரு கையெழுத்து போட்டுவிடும்.
ஐப்பசியில் அரைக்காய்ச்சலாய் உள்ளே வைத்த துணி
கதவு திறக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில்
தார்ப்பாய்மேல் குவித்துப் போட்டிருந்தார்கள்,
எது எடுத்தாலும் இருநூறு.
அடியில் கை விட்டு இழுத்தேன்.
கடுகு மஞ்சள். கட்டமில்லை, கோடில்லை.
கடைசிப் பொத்தான் மட்டும் வேறு சட்டையுடையது.
"யாருக்கு சார், பையனுக்கா?"
"எனக்கு."
ஒரு துணிக்கடையில் அந்த வார்த்தையை
நான் சொன்னதே இல்லை.
பையன் சில்லறை எண்ணுகிற வரைக்கும்
காது சுட்டது.

அதைப் போட்ட அன்று
அந்துவான் இரண்டு தடவை பார்த்தான்.
மூன்றாவது தடவை, எங்கே எடுத்தீங்க என்றான்.

பொங்கல் வந்தது.
திரும்பாமல் இருபத்து மூன்று.
இரண்டு கட்டைப் பைகளில் அடைத்து
வாசல்வரை கொண்டுபோய்விட்டுத்
திரும்ப உள்ளே கொண்டுவந்தேன்.
அவள் எடுத்தவை. தவணைச் சீட்டுப் பணத்தில்,
ஒவ்வொரு தீபாவளிக்கும் தனக்கு முன்னால் எனக்கு.

ராத்திரி போன் செய்தேன்.
கொடுத்துடட்டுமா?
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
"கொடுங்க. எனக்குக் கட்டமே பிடிக்காது."
பின்னே ஏன்?
"பெண் பார்க்க வந்தப்ப போட்டிருந்தீங்களே,
பழுப்புக் கட்டம்.
அடிக்கடி காலரை இழுத்து விட்டுக்கிட்டு.
ரொம்பப் பிடிச்ச சட்டைபோலன்னு நினைச்சேன்."

அது சித்தப்பா மகன் குமரவேலுடையது.
இரவல். கழுத்து இறுக்கம்.
மறுநாளே துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறாள்,
கடுகு மஞ்சளை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்,
நேரில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

பைகள் காலையில் போய்விட்டன.
போகும் முன் ஒன்றை மட்டும் வெளியே எடுத்தேன்,
இருந்ததிலேயே பழுப்பானது.
ஹேங்கரில் மாட்டி
உடுத்தாமலே
கொக்கியைத் திருப்பி வைத்தேன்.