ஊதா மூடி

பதினெட்டாயிரம் என்றது மெஷின்.
குழாயை ஆட்டி மறுபடி ஓட்டினேன். பதினாறு.
அதற்குள் தியேட்டரிலிருந்து போன்:
"சென்னப்பா கேஸ் நாளைக்கு வேண்டாம்.
பிளேட்லெட் ஏறட்டும், பார்க்கலாம்."

சென்னப்பா, ஐம்பத்திரண்டு, அஞ்செட்டிப் பக்கம்.
ஈரலில் நீர்க்கட்டி.
ஸ்கேனில் கட்டிக்குள் குட்டிக் கட்டிகள்.
நாயின் குடலிலிருந்து புல்லில் விழுந்து
ஆட்டுக்குப் போகவேண்டிய முட்டை
வழி தவறி இவருக்குள் இறங்கி
எத்தனை வருஷமோ, வாடகை தராமல்.

ஊசி குத்தும்போது பேச்சுக்குக் கேட்டேன்,
பட்டி நாய்க்கு என்ன பேர்?
"நாய்க்கென்னம்மா பேரு" என்றார்.
குழாய் நிரம்பிய பிறகு,
"கெம்பன்."

ஈறில் சிவப்பில்லை.
காலில் ஒரு ரத்தப்புள்ளி இல்லை.
பஞ்சை எடுத்ததும்
குத்திய இடம் வாயை மூடிக்கொண்டது.
பதினாறாயிரத்துக்கு இது அடுக்காது.

ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து
சாயம் ஊற்றி, கழுவி
லென்ஸை விளிம்புக்குத் தள்ளினேன்.

அங்கே இருந்தன.
இருபது, முப்பது, ஒன்றன்மேல் ஒன்றாக,
ஊதா மூடிக்குள் இருக்கும் மருந்துக்கு மிரண்டு
முகம் புதைத்து.
மெஷினுக்குக் கும்பல் தெரியாது.
ஒண்டியாய் வாசல் தாண்டுவதுதான் அதற்குக் கணக்கு.

"திரும்பவுமா?" என்றார்.
ஒட்டிக்கிச்சு, எண்ண முடியல என்றேன்.
"மழையில நானும் எண்ண மாட்டேன்"
என்று மற்றக் கையை நீட்டினார்.

இந்த முறை நீல மூடி.
சூடு ஆறுவதற்குள் படியில் இரண்டிரண்டாய் ஏறி ஓட்டினேன்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
சிட்ரேட் நீருக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால்
தொண்ணூற்றெட்டு.

சந்தோஷமாய்த்தான் ஃபைலைத் திறந்தேன்.
உள்ளே போன வருஷத்து ரிப்போர்ட்,
நாலாய் மடித்தது, மஞ்சள் கறையோடு:
இருபத்தோராயிரம்.
ஆபரேஷன் ஒத்திவைப்பு.
கட்டி அப்போது எலுமிச்சை அளவு.
ஸ்லைடு பார்த்ததாக ஒரு வரி இல்லை.
கீழே கையெழுத்து
என்னுடையது.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.
எல்லாவற்றையும் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

அவர் மகன் மல்லேசன்
தட்டணுப் பை வாங்க
யாரோ எழுதிக் கொடுத்த சீட்டோடு, கடன் வாங்கிய பணத்தோடு
தருமபுரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான்.
நாலாவது முறை போனை எடுத்தான்.
காவேரிப்பட்டணம் தாண்டியாச்சு என்றான்,
இரைச்சலுக்கு மேல் கத்தி.

இறங்கு, என்றேன்.
எங்கே இருந்தாலும் இறங்கு.